விண்ணப்பத்தில் இடம் கிடைக்காதவர்கள்

சேதி ஏற்கெனவே எங்கள் தெருமுனை டீக்கடை வரைக்கும் போய்விட்டது, அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வரும் செப்டம்பரில் இங்கிலாந்தில் இருக்கும் லீட்ஸ் நகரத்துக்குப் படிக்கப் போகிறேன். ஒரு வருடம். செவனிங் உதவித்தொகை கிடைத்திருக்கிறது. குடிநீர், கழிவுநீர், பொதுச் சுகாதாரம் மூன்றையும் சேர்த்துச் சொல்லித்தரும் முதுகலைப் பொறியியல் படிப்பு. 'கம்மாய்க்கும் கக்கூசுக்கும் படிக்க லண்டன் போகுதாம்' என்று தெருவில் சுருக்கிவிட்டார்கள். லீட்ஸ் வேறு, லண்டன் வேறு என்று விளக்குவதை நான் நிறுத்திவிட்டேன். மற்றபடி அவர்கள் சொல்வது சரிதான்.

தெரியாதவர்களுக்காக: செவனிங் என்பது பிரிட்டன் அரசு 1983 முதல் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கொடுத்துவரும் உதவித்தொகை. கென்ட் பகுதியில், அந்நாட்டு வெளியுறவு அமைச்சரின் பயன்பாட்டில் இருக்கும் ஒரு பழைய மாளிகையின் பெயர் அது. படிப்புக் கட்டணம், மாதச் செலவு, போகவர விமானச் சீட்டு எல்லாம் அவர்கள் பொறுப்பு. குறைந்தது இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கிறார்கள். படித்து முடித்தால் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருடமாவது இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் நான்கு கட்டுரைகள்: தலைமைப் பண்பு, ஆட்களோடு ஏற்படுத்திக்கொண்ட தொடர்பு, ஏன் இந்தப் படிப்பு, திரும்பி வந்து என்ன செய்யப்போகிறாய்.

அந்த நான்கு கட்டுரைகள்தான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கின்றன. அவற்றை எப்படி எழுதுவது என்று சொல்லித்தருகிறவர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் சொல்வது, 'நாங்கள் என்று எழுதாதே, நான் என்று எழுது' என்பதுதான். நியாயமான யோசனை. உதவித்தொகை ஒருத்திக்கு, ஊருக்கு இல்லை. நானும் அப்படியே எழுதினேன். நான் அடையாளம் கண்டேன், நான் ஒருங்கிணைத்தேன், நான் பேசிச் சம்மதிக்க வைத்தேன். படித்தால் மதுரைக்குப் பக்கத்தில் இருக்கும் மேலூரின் கண்மாய்களை, அதாவது பாசன ஏரிகளை எல்லாம் ஒற்றை ஆளாகத் தூர்வாரிவிட்டு வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். கிளம்புவதற்கு முன்னால் அந்த 'நான்'களைப் பிரித்து, யார் யாருக்கு எது சேர வேண்டுமோ அதைக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பெயர் போடப்போவதில்லை. போட்டால் பாதிப் பேர் கூச்சப்படுவார்கள், மீதிப் பேர் 'எனக்கு முன்னாடி அவன் பேரா' என்பார்கள்.

முதல் கட்டுரையின் முதல் பத்தியிலிருந்து தொடங்குகிறேன். 'பல வருடங்களாக நிரம்பாத ஒரு கண்மாயின் வரத்துக்காலில் எங்கே தடை இருக்கிறது என்பதை நான் கண்டறிந்தேன்' என்று அதில் இருக்கிறது. வரத்துக்கால் என்றால் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய். தடையைக் கண்டறிந்தவர் அந்த ஊர் நீர்க்கட்டி.

நீர்க்கட்டி என்றால் மதுரைக்கு வெளியே சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். மடையைத் திறப்பது, அடைப்பது, யார் வயலுக்கு எப்போது எவ்வளவு பாயவேண்டும் என்று பார்த்துப் பாய்ச்சுவது, கரையில் நண்டு வளை விழுந்தால் அடைப்பது, மழைக்காலத்தில் ராத்திரி, மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் கலுங்கில் போய் நிற்பது எல்லாம் அவர் வேலை. சம்பளம் கிடையாது. அறுப்பு முடிந்ததும் களத்தில் நெல்லாக அளந்து கொடுப்பார்கள். கண்மாய் நிரம்பாத வருடத்தில் அறுப்பும் இல்லை, அவருக்கு நெல்லும் இல்லை. அதனால் பல ஊர்களில் இன்றைக்கு அந்த வேலைக்கு ஆள் கிடையாது. இவருடைய பையன்கள் இருவரும் திருப்பூரில் இருக்கிறார்கள். கம்பும் துண்டுமாக இவர் மட்டும் கரையில் திரிந்துகொண்டிருக்கிறார்.

நாங்கள் போனது நல்ல வெயில் காலத்தில். கண்மாய் உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம். வருவாய்த் துறையின் புல வரைபடத்தைக் கரையில் விரித்து, நான்கு மூலைக்கும் கல் வைத்து, வரத்துக்கால் வரும் பாதையை நீலப் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தேன். அவர் குத்தவைத்து உட்கார்ந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுல காவா இருக்கு தாயி. தண்ணி இல்லை" என்றார். அப்புறம் எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டார். வா என்றுகூடச் சொல்லவில்லை. பின்னாலேயே போனோம். வழியில் ஒரு இடத்தில் கம்பால் தரையைத் தட்டி, "கோரை நிக்குதா? தண்ணி இங்கன வரைக்கும் வருது" என்றார். இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு தார்ச்சாலை. அதன் குறுக்கே போட்டிருந்த குழாய்ப் பாலத்தைக் காட்டினார். பாலத்துக்கு இந்தப் பக்கம் கோரை, அந்தப் பக்கம் வெறும் பொட்டல். சாலை போட்டவர்கள் குழாயை ஏற்றி வைத்துவிட்டார்கள். வருகிற தண்ணீர் முட்டி நின்று, ஓரத்து ஓடை வழியாக அடுத்த ஊர்க் கண்மாய்க்குத் திரும்பிவிடுகிறது. தரையின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் மட்டக்கருவி வைத்துப் பார்த்தபோது குழாயின் அடி, கால்வாய்த் தரையைவிட ஒன்றரை அடி உயரத்தில் இருந்தது. அவர் கோரையை வைத்துச் சொன்னதற்கு நாங்கள் ஓர் எண் கொடுத்தோம், அவ்வளவுதான்.

அந்த எண் இல்லாமல் அலுவலகத்தில் கோப்பு நகர்ந்திருக்காது என்பதும் உண்மை. அதனால் எனக்குச் சேரவேண்டிய பங்கை நான் விட்டுக்கொடுக்கவில்லை. குழாயை இறக்கிப் போட்ட வருடம் ஐப்பசி மழையில் கண்மாய் நிரம்பி வழிந்து மறுகால் போகவில்லை, ஆனாலும் கடைசி மடைக்குத் தண்ணீர் ஏறியது. அவருக்குக் களத்தில் நெல் கிடைத்தது. கட்டுரையில் இந்தக் கடைசித் தகவலுக்கு இடம் இல்லாமல் போய்விட்டது.

மட்டக்கருவி பிடிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பொறியாளர். எனக்கு அவர் 'சார்', எப்போதும். கல்லூரியில் நாங்கள் சர்வே பாடத்தை மைதானத்தில் சமதரையில் படித்துத் தேறியவர்கள். கால் புதைகிற கரம்பை மண்ணில் முக்காலியை நிறுத்துவது எப்படி, அளவுகோல் பிடிக்கிறவன் சோம்பலில் சாய்த்துப் பிடித்தால் தூரத்திலிருந்தே எப்படிக் கண்டுபிடிப்பது, பழைய பதிவேட்டில் மடைக்கு இருக்கும் எண்ணை ஊரில் சொல்லும் பெயரோடு எப்படிப் பொருத்துவது என்பதெல்லாம் அவரிடம் கற்றவை. சாரிடம் ஒரு கட்டளை உண்டு: கருவியைப் பெட்டியில் இருந்து எடுப்பதற்கு முன்னால் ஊர் ஆள் ஒருவரிடம் பேசியிருக்க வேண்டும். "கேட்டியா? கேட்டுட்டு அள." அளந்த பிறகு கேட்டால் நம் எண்ணுக்கு ஏற்ற பதிலைத்தான் கேட்போம் என்பது அவர் கட்சி. பரிந்துரைக் கடிதம் கேட்டபோது மறுத்துவிட்டார். "ரிட்டயர்டு ஆளோட லெட்டருக்கு என்ன மதிப்பு, சர்வீஸ்ல இருக்கிறவங்ககிட்ட வாங்கு" என்று சொல்லி, யாரிடம் கேட்கவேண்டும் என்பதையும் அவரே சொல்லி, அவர்களுக்குப் போன் போட்டும் சொல்லிவைத்தார். இரண்டு கடிதங்கள் போயின. இரண்டிலும் அவர் பெயர் இல்லை.

இங்கிலாந்து என்றதும் நீர்க்கட்டி கேட்டது ஒரே கேள்வி. "பென்னிகுக் ஊரா?"

மேலூர்க்காரர்கள் அப்படித்தான் கேட்பார்கள். முல்லைப் பெரியாறு அணையை ஜான் பென்னிகுவிக் 1895இல் கட்டி முடித்து, மேற்கே போன ஆற்றை மலைக்குள் சுரங்கம் வெட்டிக் கிழக்கே திருப்பியதால் வந்த தண்ணீர் இது. வைகை ஆற்றில் இருக்கும் பேரணையில் இருந்து கள்ளந்திரி வரைக்கும் 45,041 ஏக்கர் இருபோகம். கள்ளந்திரிக்குக் கீழே, மேலூர் பக்கம் 85,563 ஏக்கர் ஒருபோகம். எங்கள் அப்பத்தாவின் வயல் இந்த இரண்டாவது கணக்கில் வருகிறது. வழக்கமாகச் செப்டம்பர் நடுவில் கால்வாயில் தண்ணீர் விடவேண்டும். அணையில் இருப்புக் குறைந்தால் அது தள்ளிப்போகும், மேலூரில் சாலை மறியல் நடக்கும். நான் விமானம் ஏறுகிற நேரமும் ஏறத்தாழ அதுதான். "நீ போறதுக்குள்ள தண்ணி விட்டுருவானா?" என்று அப்பத்தா கேட்டதில், நான் போவது பற்றி எவ்வளவு, தண்ணீர் பற்றி எவ்வளவு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

பென்னிகுவிக்கின் கல்லறை லீட்ஸில் இருந்து வெகு தெற்கே, சர்ரே பகுதியில் கேம்பர்லி ஊர்ப் பக்கம் இருக்கிறது. அந்த ஊரில் 2022இல் தமிழ்நாடு அரசு அவருக்குச் சிலையும் வைத்தது. போய் ஒரு மாலை போடச் சொல்லி இங்கே மூன்று நான்கு பேர் உத்தரவு போட்டிருக்கிறார்கள். கட்டாயம் போவேன். சொந்தச் சொத்தை விற்று அணையை முடித்தார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. சாரிடம் அதைச் சொன்னால் ஆவணம் எங்கே என்பார். அப்பத்தாவுக்கு ஆவணம் தேவையில்லை. தேனிப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள், பொங்கலன்று படத்துக்கு மாலை போடுகிறார்கள். ஒருவருக்குப் பட்ட கடனை வருடாவருடம் இப்படி எடுத்துச் சொல்கிற ஊரில் பிறந்திருக்கிறேன் என்பதில் எனக்குப் பெருமைதான்.

ஆனால் சார் இன்னொன்றும் சொல்வார். அந்த அணை சென்னை மாகாணத்தின் பணம். அதாவது இந்த மக்கள் கொடுத்த வரி. சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல் தூளும் அரைத்துக் கல் சுமந்தவர்கள் இந்தப் பக்கத்து ஆட்கள். காலராவிலும் காய்ச்சலிலும் காட்டிலேயே செத்துப்போனவர்கள் எத்தனையோ பேர். "துரை பேரு நமக்குத் தெரியும். கல்லு தூக்குனவன் பேரு தெரியுமா உனக்கு?" என்று ஒருமுறை கேட்டார். அந்தக் கேள்வி மனதில் கிடந்ததால்தான் என் கட்டுரைகளை இன்னொரு தடவை படிக்கக் கூச்சமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

சரி, அடுத்த ஆள். இவளைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும்.

கல்லூரியில் இருந்து என்னோடு இருப்பவள். இருவரும் ஒரே வருடம்தான் விண்ணப்பித்தோம். என் நான்கு கட்டுரைகளையும் அவள்தான் திருத்தினாள். திருத்தினாள் என்பது மரியாதையான சொல், கிழித்தாள். "மழை வந்துச்சு, தண்ணி வந்துச்சு, ஊர் சந்தோஷமாச்சு. இதுல நீ எங்கடி இருக்க?" என்பாள். 'நான்' என்று எழுதவைத்ததில் பெரும்பங்கு அவளுடையது. அப்போது சண்டை போட்டேன். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: அவள் கேட்டுக் கேட்டு நச்சரித்ததில்தான், நான் உண்மையில் என்ன செய்தேன் என்பது எனக்கே தெளிவானது. கண்மாய்க்காரர்களையும் சாலைக்காரர்களையும் ஒரே மேசையில் உட்காரவைக்க நடையாய் நடந்தது நான்தான். அது சின்ன வேலை இல்லை. அதை அவள் சொல்லித்தான் நான் நம்பினேன்.

நேர்காணலுக்குப் பழகியது வண்டியூர் தெப்பக்குளத்துப் படிக்கட்டில். சாயங்காலம் வேலை முடிந்து ஸ்கூட்டியில் வந்துவிடுவாள். வரும்போதே பருத்திப்பால் வாங்கி வந்துவிட்டு, அதைக் குடிக்கவிடாமல் கேள்வி கேட்பாள். ஒருநாள் எதிரே கையைக் காட்டி, "இந்தக் குளத்துக்குத் தண்ணி எங்கேருந்து வருது? ரெண்டு நிமிஷத்துல இங்கிலீஷ்ல சொல்லு" என்றாள். திருமலை நாயக்கர் 1645இல் வெட்டியது என்று நான் ஆரம்பித்ததும், "வரலாறு கேக்கல, தண்ணி கேட்டேன்" என்று வெட்டினாள். சரியென்று வைகையில் இருந்து பனையூர்க் கால்வாய் வழியாக வருவது, அந்தக் கால்வாய் தூர்ந்து குளம் காய்ந்து கிடந்தது, நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடியது, பிறகு கால்வாயைச் சரிசெய்ததும் தண்ணீர் நின்றது என்று சொன்னேன். பக்கத்தில் சுண்டல் விற்றுக்கொண்டிருந்த அண்ணன் நான் பேசி முடிக்கிற வரைக்கும் நின்று கேட்டுவிட்டு, "என்னம்மா, டிவிக்கா?" என்றார். உண்மையான நேர்காணலில் கிட்டத்தட்ட இதே மாதிரிக் கேள்விதான் வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு பதில் சொன்னேன்.

அவளுக்கும் நேர்காணல் வந்தது. கிடைக்கவில்லை. முடிவு வந்த அன்றைக்கு நான் அவளைக் கூப்பிடத் தயங்கிக்கொண்டு இருந்தேன். அவளே கூப்பிட்டு, "மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்காத, ட்ரீட் எப்ப?" என்றாள். சிம்மக்கல்லில் பரோட்டா சாப்பிட்டோம். இரண்டாவது பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே, "எனக்கு வருத்தமாத்தான் இருக்கு, ஆனா உம்மேல இல்ல" என்றாள். அதற்குமேல் அந்த விஷயத்தை நாங்கள் பேசவில்லை. அவள் மறுபடி விண்ணப்பிக்கப் போகிறாள். இந்தத் தடவை கிழிக்கிற வேலை என்னுடையது. நேர வித்தியாசம் நாலரை மணி, அங்கே குளிர்காலம் வந்தால் ஐந்தரை. அவள் ராத்திரி எழுதி அனுப்பினால் நான் சாயங்காலம் திருத்திவிடலாம்.

மற்றவர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். காசநோய்ப் பரிசோதனைக்குச் சென்னை போனபோது தங்க இடம் கொடுத்த ஹாஸ்டல் தோழி. ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதற்கு விசா கேட்கும் இந்தியர்கள் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். பாண்டியன் ரயிலில் போய் எழும்பூரில் விடிகாலை இறங்கியவளை அவள் அப்பா வந்து அழைத்துப்போனார். லீவு தந்த அலுவலகத் தலைவர். என் மதிப்பெண் சான்றிதழ்களை ஓர் அலுவலகம் மாதக்கணக்கில் இழுத்தடித்தபோது, தினமும் போய் எட்டிப்பார்த்துவிட்டு வந்த ஜூனியர் பையன். ஜெராக்ஸ் கடை அக்கா.

இனி வீடு.

அப்பா கீழமாசி வீதியில் ஒரு மொத்தப் பலசரக்குக் கடையில் கணக்கு எழுதுகிறார். உதவித்தொகைக் கடிதத்தையும் நிபந்தனைகளையும் அச்செடுத்துத் தரச் சொல்லி, கடைக் கணக்கைப் பார்க்கிற மாதிரியே கையில் பேனாவோடு வரி வரியாகப் பார்த்தார். புரியாத இடத்தில் புள்ளி வைத்துக் கேட்டார். படிப்பு முடிந்து திரும்பி வந்து இரண்டு வருடம் நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு வந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. அதன் பக்கத்தில் பெரிய டிக். அன்றிலிருந்து அதுதான் அவருக்குக் கேடயம். 'பொம்பளப் பிள்ளையத் தனியா அனுப்புறியே, அங்கேயே இருந்துட்டா?' என்று யார் கேட்டாலும் அந்தத் தாளை எடுத்துக் காட்டுகிறார்.

அத்தைக்குத் தாள் போதவில்லை. அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பு முன்னால் வந்து சத்தியம் பண்ணச் சொன்னார். சந்தனம் அப்பிய அந்தக் கதவின் முன்னால் பொய் சொல்லிவிட்டு யாரும் நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்ததில்லை என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. போனோம். சூடம் ஏற்றினோம். அங்கே போய் நின்றதும் அத்தையே, "சத்தியமெல்லாம் வேணாத்தா, நல்லபடியா வரணும்னு மட்டும் கும்பிட்டுக்க" என்று சொல்லிவிட்டார். போகவேண்டாம் என்று எங்கள் குடும்பத்தில் சத்தமாகச் சொன்னவர் இவர் ஒருவர்தான். குளிருக்கு என்று முதலில் ஸ்வெட்டர் வாங்கி வந்தவரும் இவர்தான். மதுரையில் ஆடி மாதத்தில் ஸ்வெட்டருக்கு எந்தக் கடையில் ஏறி இறங்கினார் என்று தெரியவில்லை.

அம்மாவைப் பற்றி அதிகம் எழுதினால் வைவார். அதனால் ஒன்றே ஒன்று. கருவேலங்காட்டுக்குள் நடந்து வந்தால் செருப்பைத் துளைத்துக்கொண்டு முள் ஏறிவிடும். வீட்டுக்கு வந்ததும் டியூப்லைட்டுக்குக் கீழே என்னை உட்காரவைத்து, காலை எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டு, தாலிக்கயிற்றில் மாட்டியிருக்கும் ஊக்கைக் கழற்றி, நெருப்பில் காட்டி, முள்ளைச் சுற்றித் தோலைக் கீறுவார். கருவேலமுள் நுனி உள்ளேயே ஒடிந்து நிற்கும். அழுத்தினால் இன்னும் உள்ளே போகும். அதற்குப் பொறுமை வேண்டும். "இந்த முள்ளுக்குத்தான் எஞ்சினியரிங் படிக்க வச்சமா" என்று முனகிக்கொண்டே எடுத்து, எடுத்த முள்ளை உள்ளங்கையில் வைத்து எனக்குக் காட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பார். நாளைக்குப் போகாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. காலையில் டிபன் பாக்ஸ் தயாராக இருக்கும். அங்கன்வாடிக்குத் தான் கிளம்ப வேண்டிய அவசரத்திலும் எனக்கு இரண்டு டப்பா, ஒன்று ஊரில் யாருக்காவது கொடுக்க. அந்த இரண்டாவது டப்பாவில் இருந்த எலுமிச்சைச் சாதத்தால் எனக்குத் திறந்த வீடுகள் உண்டு. 'ஆட்களோடு தொடர்பு' கட்டுரையில் அதைச் சேர்க்கலாமா என்று தோழியிடம் கேட்டேன். அடித்துவிட்டாள்.

பயணப் பெட்டி இன்னும் கட்டி முடியவில்லை. மாவடு, பருப்புப்பொடி, அப்பத்தா தந்த விபூதிப் பொட்டலம், சார் கொடுத்த பழைய களக் குறிப்பேடு ஒன்று. அப்பா ஒரு நீளவாக்குக் கணக்கு நோட்டு வாங்கித் தந்திருக்கிறார். மாதம் ஒன்றாம் தேதி அதைப் படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். செலவை நான் பவுண்டில் எழுதினால் போதும், ரூபாய் ஆக்கிப் பார்த்து அதிர்ச்சி அடைவது அவர் பொறுப்பு.

கடைசியாக, வேலை விஷயம். செப்டம்பரில் இருந்து என் எண் கிடைக்காது. மேலூர்ப் பக்கம் கண்மாய், வரத்துக்கால், குழாய்ப் பாலம் சம்பந்தமாக என்னைத் தேடுகிறவர்கள் என் அலுவலகத்தில் கேளுங்கள். என் வரைபடங்களையும் மட்டக் குறிப்புகளையும் அங்கே ஒப்படைத்துவிட்டேன், எந்தத் தாளில் எது என்று எழுதியும் வைத்திருக்கிறேன். ஆனால் அவற்றைப் பார்ப்பதற்கு முன்னால் நீர்க்கட்டிப் பெரியவரைப் பார்த்துவிடுங்கள். காலை ஏழு மணிக்கு முன்னால் கரைக்குப் போனால் இருப்பார். வெயில் ஏறிவிட்டால் ஆள் கிடைக்க மாட்டார், போனும் எடுக்க மாட்டார். போகும்போது சாப்பாட்டில் ஒரு டப்பா கூடுதலாக எடுத்துப் போங்கள்.